திறந்த வாயில்

நுழையும்முன்

'அன்று அவ்வாறு நிகழாதிருந்தால்?' என்னும் வினாவிலிருந்து ஓர் உலகையே படைத்துக் காட்ட அறிவியல் புனைகதையால் இயலும். அவ்வாறு படைக்கப்பட்ட உலகொன்றின் கதையை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

அமெரிக்க எழுத்தாளர் கிரெக் பேர் (1951–2022) எழுதிய 'இயான்' என்னும் புதினம் 1985இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியே 1988இல் வெளிவந்த 'எடர்னிட்டி'. முதற்புதினத்தில், புவியை நெருங்கிய சிறுகோள் ஒன்றினுள் ஏழு அறைகள் காணப்படுகின்றன. ஏழாம் அறை முடிவற்ற நெடுவழியாக நீள்கிறது. அதில் திறக்கப்படும் வாயில்கள் வேற்றுலகங்களுக்கு இட்டுச் செல்கின்றன. அணுப்போரில் தன் உலகை இழந்த கணித அறிஞர் பாட்ரீசியா, போர் நிகழாத புவியைத் தேடி ஒரு வாயிலைத் திறக்கிறார். அவர் சென்றடைந்ததோ வேறொரு புவி.

அதன் பெயர் கையா. நாம் அறிந்த வரலாற்றில், அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தபின் அவருடைய பேரரசு தளபதியரிடையே சிதறியது. எகிப்தை ஆண்ட தாலமி மரபும் கி.மு. 30இல் உரோமிடம் வீழ்ந்தது. கையாவிலோ, அலெக்சாந்திரியாவைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கப் பேரரசு ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கிறது. கிளியோபாத்ரா என்னும் பெயருடைய அரசி ஆட்சி செய்கிறார்.

தொடர்ச்சிப் புதினத்தில் பாட்ரீசியாவின் பெயர்த்தி ரீட்டா, பாட்டி விட்டுச்சென்ற கருவியின் துணையால் தொலைதூரப் புல்வெளியில் ஒரு வாயிலைத் திறக்கிறாள். பாட்டியின் கனவு நிறைவேறும் என்பது அவள் நம்பிக்கை. ஆனால், நெடுவழியில் ஆதிக்கம் செலுத்திய ஜார்ட் என்னும் வேற்றுயிரினத்தார் அவ்வாயில் வழியே புகுந்து கையாவைக் கைப்பற்றுகின்றனர்.

மாற்று வரலாறு இங்கு வேடிக்கைப் பொருளன்று. கையாவின் மக்களுக்கு அதுவே மெய்யான வரலாறு. நம் வரலாறுதான் அவர்களுக்குக் கற்பனை. நிகழ்ந்தது ஒன்றே நிகழக்கூடியது என்னும் நம் எண்ணத்தை இப்பார்வை அசைக்கிறது. ரீட்டாவின் நோக்கத்தில் தீமை இல்லை. எனினும், மறுபுறம் இருப்போர் யாரென அறியாமல் அவள் திறந்த வாயிலுக்கு, கருத்துக் கேட்கப்படாத கோடானுகோடி மக்கள் விலை கொடுத்தனர். அறியும் வேட்கை உயர்ந்ததே. அதன் விளைவைச் சுமப்போர் யாவர் என்று முன்னரே எண்ணுதல் அதனினும் உயர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. 'ரீட்டா அவ்வாயிலைத் திறந்தது சரியா?' – இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. வரலாற்று நிகழ்வு ஒன்று மாறியிருப்பின் விளைந்திருக்கக்கூடிய உலகை ஒரு பக்க அளவில் புனைந்து எழுதுக.