பாலூட்டும் வேளையில் நேரும் சங்கடங்கள்

கறவைப் பசுவின் மடியைப் பற்றியும் அதன் சுரப்பைப் பற்றியும் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்காகப் பேசுகிற நாம், தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அது பெண்டிர் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் குழந்தைக்கோ வீடென்றும் வெளியென்றும் தெரியாது. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அவற்றுள் சில வேளைகள் நியாயவிலைக் கடை வரிசையிலோ, பேருந்திலோ, களத்து மேட்டிலோ, கிராம சபையிலோதான் வந்து சேரும். அங்கே தாய்க்கு நேரும் சங்கடங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை சிரிப்புக்கு உரியவை. சில சிரித்துவிட்டு விடத்தக்கவை அல்ல. ஊர்ப் பொது இடங்களைப் பராமரிக்கும் பொறுப்பு பஞ்சாயத்தினுடையதாகையால், அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைத் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

முதலில் ஆண்களுக்கு நேரும் சங்கடத்தையே கூறிவிடுவோம். பேரனைக் கொஞ்ச வேண்டுமென்று பாட்டனார் மேலாடையின்றித் திண்ணையில் அமர்ந்து, இரண்டு மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக் கொள்கிறார். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது, வாயைத் திறக்கிறது, அடுத்த கணம் பாட்டனாரின் மார்பையே பற்றிக்கொண்டு சப்புகிறது. பாட்டனார் அலறுகிறார், வீடு முழுவதும் சிரிக்கிறது. இது குழந்தையின் அறியாமையன்று, அதன் திறமை. கன்னத்தில் எது பட்டாலும் அப்பக்கம் திரும்பி வாய் திறப்பது பிறவியிலேயே அமைந்த பழக்கம். சுமார் நான்கு மாதம் வரை அது இருக்கும். இவ்வாறு தேடுவது பசியின் முதல் அறிகுறியுமாகும். அழுகை அதற்குப் பின்னரே வருகிறது. ஆகவே சிரித்து முடித்தவுடன் குழந்தையைத் தாயிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.

தாய்க்கு நேரும் சங்கடங்களில் முதன்மையானது, வேண்டாத வேளையில் பால் கசிந்து இரவிக்கை நனைந்துவிடுவது. தன் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மகளிர் குழுக் கூட்டத்தில் கணக்கு வாசித்துக் கொண்டிருக்கிறாள் ஒருத்தி. எவருடைய குழந்தையோ ஒன்று மூலையில் அழுகிறது. உடனே இவளுக்கு மார்பில் ஊசி குத்துவது போன்ற ஓர் உணர்ச்சி, பால் இறங்கிவிடுகிறது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஏன் நிறுத்தினாள் என்று அறியாத ஆண்கள், பணம் எங்கோ குறைகிறது போலும் என்று தமக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

இதன் காரணத்தைக் குடியானவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பால் உண்டாவதற்கு ஒரு சுரப்பு நீரும், உண்டான பால் வெளியே இறங்குவதற்கு மற்றொரு சுரப்பு நீரும் வேலை செய்கின்றன. முன்னதற்குப் புரோலாக்டின் என்றும், பின்னதற்கு ஆக்சிடோசின் என்றும் பெயர். இந்தப் பின்னது குழந்தை சப்புவதனால் மட்டுமின்றி, அழுகுரல் கேட்டாலும், குழந்தையை நினைத்தாலுமே இரத்தத்தில் கலக்கும். கன்றைக் கண்டதும், கறவைப் பாத்திரத்தின் ஓசையைக் கேட்டதும் பசு சுரப்பு விடுவதும் இதனால்தான். இரண்டு பக்கமும் ஒருசேர இறங்குவதால், குழந்தை ஒரு பக்கம் குடிக்கையில் மறு பக்கம் வடியும். கூட்டத்தின் நடுவே இப்படி நேர்ந்தால், கைகளை மார்பின் குறுக்கே கட்டிச் சற்று நேரம் அழுத்திக் கொண்டால் கசிவு அடங்கும். இரவிக்கைக்குள் மடித்த பருத்தித் துணி வைத்துக்கொள்வதும், பூப்போட்ட அடர்நிறப் புடவை உடுத்துவதும் அனுபவசாலிகளான பெண்கள் அறிந்த உபாயங்கள். சில வாரங்களில் தேவைக்கும் சுரப்புக்கும் ஓர் அளவு ஏற்பட்டு, கசிவு பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடும்.

இதற்கு மறுதலையாக நேர்வதும் உண்டு. அதுவே நாம் கவனிக்க வேண்டியது. புது ஆள் கறந்தால், நாய் குரைத்தால், பசு பாலை அடக்கிக் கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1941-இல் இதைச் சோதித்து வெளியிட்டனர். பசுவை மிரட்டுவதற்காக அதன் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பத்து நொடிக்கு ஒரு காகிதப் பையை ஊதி வெடித்தார்களாம்! பின்னர் பூனை தேவையில்லை, பையே போதும் என்று கண்டு பூனைக்கு விடுதலை அளித்தார்கள். பசு பாலை அடக்கிக்கொண்டது. 1948-இல் நியூட்டன் தம்பதியர் இதே சோதனையை ஒரு தாயிடம் செய்தனர். பாலூட்டும்போது அவள் பாதங்களைப் பனிநீரில் வைப்பது, விடாமல் கணக்குக் கேட்பது போன்ற தொந்தரவுகளைக் கொடுத்ததில், குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. ஆக்சிடோசின் ஊசி போட்டபோது ஏறக்குறைய பழைய அளவுக்கு மீண்டது. (இதைப் படித்துவிட்டுப் பசுவுக்கு ஊசி தேட வேண்டாம். பால் பெருக்குவதற்காக அதன் உடலுக்குக் கேடானதைச் செலுத்துவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.) பனிநீரும் கணக்கும் செய்த காரியத்தை, நம் ஊரில் நாலுபேர் உற்றுப் பார்க்கும் பார்வை செய்துவிடுகிறது. கூச்சத்தால் பால் இறங்கத் தாமதிக்கிறது, குழந்தை வீறிடுகிறது, பார்ப்பவர்கள் மேலும் பார்க்கிறார்கள், “தாய்க்குப் பால் போதவில்லை” என்று ஒருவர் தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்.

ஐந்து மாதம் ஆனதும் குழந்தைக்கு உலகம் சுவையாகிவிடுகிறது. முந்தானைக்குள் மறைந்து குடித்துக்கொண்டிருந்தது, நடத்துனரின் விசில் கேட்டதும் துணியைத் தள்ளிவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்க்கும். சில குழந்தைகள் வாயிலிருப்பதை விடாமலேயே திரும்பும்! தாயின் பாடு எவ்வாறிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மடக்கு மடக்கென்று பேருந்து முழுவதும் கேட்கக் குடிப்பவையும் உண்டு. வயிறு நிரம்ப நிரம்பக் குடல் அசைந்து, குடிக்கும்போதே மலங்கழிப்பது சிறு குழந்தைகளின் வழக்கம். அந்த வேளையில் மாமன் தூக்கி வைத்துக்கொண்டால் புது வேட்டிக்கு ஆபத்து. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாகவும் இளக்கமாகவும்தான் இருக்கும். அதை வயிற்றுப்போக்கென்று மயங்கிப் பாலை நிறுத்திவிடலாகாது.

சுமார் ஆறு மாதத்தில் பல் முளைக்கும்போது கடியும் தொடங்குகிறது. தாய் அலற, அந்த அலறலை விளையாட்டென்று எண்ணிக் குழந்தை சிரித்து மீண்டும் கடிக்கும். வெடுக்கென்று இழுத்தால் காயம் பெரிதாகும். குழந்தையின் முகத்தைச் சற்றே மார்போடு நெருக்கினால் மூச்சுக்காக அது தானே வாயைத் திறந்துவிடும். அல்லது சிறு விரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவிக்கலாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளை இன்னும் துணிச்சல்காரன். சந்தையில் காய் பேரம் பேசிக்கொண்டிருக்கும் தாயின் புடவையைப் பற்றி இழுத்து, “பாச்சி வேணும்” என்று ஊர் கேட்க முழங்குவான். “இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னுமா?” என்று கடைக்காரர் கேட்பார். ஆம், இன்னும்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீரும் வேண்டாம். அதன்பின் குழைந்த சோறு, பருப்பு, காய்கறி, பழம் இவற்றோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. கேலி செய்பவர் இதை அறிந்திருந்தால் வாயை மூடிக்கொள்வார்.

கேலியின் விலையைக் குழந்தைதான் கொடுக்கிறது. வெளியே கூச்சமாயிருக்கிறதென்று தாய் பகல் வேளைப் பாலை ஒத்திப்போடுகிறாள். நிறைந்த மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. சில சமயம் காய்ச்சலும் வருகிறது. எடுக்காத கிணறு ஊறாதது போல, குடிக்காத மார்பில் சுரப்பும் சுருங்குகிறது. பிறகு புட்டி வருகிறது. சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியும், சிக்கனத்துக்காக நீர்த்துக் கலக்கிய மாவுப் பாலும் வயிற்றுப்போக்கைக் கூட்டி வருகின்றன. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஊர்ப் பேச்சைத் தடுக்கச் சட்டமில்லை.

இடவசதிக்குச் சில ஏற்பாடுகள் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. வேலை செய்யும் தாய்க்குக் குழந்தை பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டுமென்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கூறியிருந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தவேண்டுமென்ற விதியும், நிழல் வேண்டுமென்ற விதியும் எழுதப்பட்டிருந்தன. வேலை எந்தத் திட்டத்தில் நடந்தாலும் குழந்தைக்கு நிழல் வேண்டியதே. அறையிருந்தும் அது துடைப்பமும் பழைய நாற்காலியும் அடுக்கும் கிடங்காகிவிட்டால் பயனில்லை. அடிக்கடி தாய்மார் தேடுவது அறையையன்று, அதன் சாவி எவரிடம் இருக்கிறது என்பதையே.

உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று 2016-இல் சட்டமாயிற்று. ஆகவே கைக்குழந்தையோடு வரும் அங்கத்தினரும் இருப்பார். 2017-இல் ஆஸ்திரேலியச் செனட் சபையில் லாரிசா வாட்டர்ஸ் என்ற உறுப்பினர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் பற்றிய தீர்மானத்தைத் தம் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டே முன்மொழிந்தார். சபை நடவடிக்கை வழக்கம்போல் நடைபெற்றது. நம் மன்றத்திலும் அவ்வாறு நடைபெறத் தடையொன்றுமில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குள் செய்யக்கூடியவை சில உள. பேசுவது காதில் விழும் தொலைவிலேயே, பெண்கள் அமரும் பக்கத்தின் ஓரத்தில், இரண்டு கம்பமும் ஒரு கயிறும் இரண்டு வேட்டியும் கொண்டு ஒரு மறைப்புக் கட்டலாம். உள்ளே முதுகு சாய ஒரு பெஞ்சும், ஒரு குடம் குடிநீரும் வேண்டும். பால் கொடுக்கும்போது தாய்க்குத் தாகம் எடுக்கும். மறைப்பு வேண்டாம், இருந்த இடத்திலேயே கொடுப்பேன் என்று ஒரு தாய் சொன்னால் அவளை எழுப்பி உள்ளே அனுப்புவது எவர் வேலையுமன்று. பஞ்சாயத்துக் கட்டடத்தில் அறை இருக்குமானால், சாவியைக் கூட்ட நாளன்று காலையிலேயே ஒரு பெண் அங்கத்தினரிடம் கொடுத்துவிடலாம். கதவின் உட்புறம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.