கணவாய்க் காற்றும் காரின் ரேடியேட்டரும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழியில் குடை பிடித்து நடப்பது எவ்வளவு கடினம் என்று குமரி மாவட்ட மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள இந்தக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் தோப்புப் போல் நிற்பதும் இதனால்தான்.

இந்தக் காற்றை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரே மாதிரியான இரண்டு கார்கள். ஒன்று நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகிறது. மற்றது எதிர்த்திசையில் வருகிறது. இரண்டின் வேகமும் மணிக்கு 60 கி.மீ. காற்றின் வேகம் 40 கி.மீ. என்று கொள்வோம். காற்றை எதிர்த்து வரும் காரின் முகப்பில் காற்று 100 கி.மீ. வேகத்தில் மோதும். காற்றோடு போகும் காருக்கோ 20 கி.மீ. மட்டுமே. அந்தக் கார் வேகத்தை 40 கி.மீ. ஆகக் குறைத்தால் சார்பு வேகம் சுழியாகிவிடும்! மரங்கள் வளைந்தாடும் கணவாயில், ரேடியேட்டருக்கு மட்டும் காற்றே இல்லாத அறைக்குள் நிற்பது போன்ற நிலை. மின்விசிறி ஒன்றுதான் அதற்குத் துணை.

சாதாரணக் கார் இதைச் சமாளித்துவிடும். பின்காற்று காரைத் தள்ளுவதால் எஞ்சினுக்கும் வேலை குறைவு அல்லவா? ஆனால் டர்போ பொருத்திய காரில், திறனைக் கூட்டுவதற்காகப் பெரிய இண்டர்கூலரை மாட்டியிருந்தால் கதை வேறு.

முதலில் டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதிக எரிபொருளை எரிக்கலாம், திறன் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். டர்போவிலும் அதுவே நிகழ்கிறது. 35° செ. (308 கெல்வின்) வெப்பநிலையில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், குறையே இல்லாத கருவியில்கூட அது ஏறக்குறைய 102° செ. ஆகும். கருவியின் பயனுறுதிறன் 70 சதவீதம் என்றால் 131° செ. (404 கெல்வின்) வரை போகும். சூடான காற்று விரியும் அல்லவா? அழுத்தம் இரு மடங்கானாலும் அடர்த்தி 2 × 308 ÷ 404, அதாவது சுமார் 1.52 மடங்குதான் ஆகிறது. பாதிப் பலன் கைநழுவிப் போயிற்று. பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் சேரும்: சூடான கலவை முறைதவறி வெடித்து, பிஸ்டனையே சேதப்படுத்தும். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில் இதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். அதற்கென்று தனித் தொட்டி; தீரத்தீர நிரப்ப வேண்டும். காரை வாங்கியவர்களுக்கு அது பெரிய தலைவலி.

இண்டர்கூலர் இதைவிட எளிய வழி. அது ரேடியேட்டரின் தம்பி எனலாம்: குழாய்களுக்குள் தண்ணீருக்குப் பதில் டர்போவிலிருந்து வரும் சூடான காற்று, வெளியே குளிர்ந்த காற்று. டாட்டா வண்டிகள் சிலவற்றின் பெயரோடு டி.சி.ஐ.சி. என்ற எழுத்துகள் வரும். முதலிரண்டும் டர்போவையும், பின்னிரண்டும் இண்டர்கூலரையும் குறிக்கும். 131° செ. காற்றை இண்டர்கூலர் 60° செ. வரை குளிர்வித்தால் அடர்த்தி 1.85 மடங்காகிறது. நல்ல லாபம்!

"அப்படியானால் இன்னும் பெரிய இண்டர்கூலர் மாட்டினால்?" என்று கேட்பீர்கள். பட்டறைகளில் பல இளைஞர்கள் கேட்பதும் இதுதான். காற்றை 49° செ. வரை குளிர்விப்பதாகக் கொள்வோம். அடர்த்தி 1.91 ஆகும். கூடுதல் லாபம் மூன்று சதவீதம்தான். நீண்ட குழாய்களுக்குள் காற்று உராய்ந்து அழுத்தம் சற்றுக் குறைந்தால் அந்த மூன்றும் போய்விடும்.

இனிதான் ரேடியேட்டர் வருகிறது. பல கார்களில் ஏ.சி.யின் குளிர்விப்பான், இண்டர்கூலர், கடைசியில் ரேடியேட்டர் என ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன்னவர் சூடாக்கிய காற்றுதான் பின்னவருக்கு! எஞ்சின் நொடிக்கு 0.1 கி.கி. காற்றை இழுக்கிறது என்று வையுங்கள். அதை 131லிருந்து 60 டிகிரிக்குக் குளிர்விக்க, நொடிக்குச் சுமார் 7 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிர்விக்கும் காற்று நொடிக்கு அரை கி.கி. என்றால் அது 14 டிகிரி சூடாகும். ரேடியேட்டரை அடையும்போது அதன் வெப்பநிலை 49° செ. ரேடியேட்டர் நீர் 95 டிகிரியில் இருந்தால், 60 டிகிரியாக இருந்த வேறுபாடு 46 ஆகிவிட்டது. வெப்பம் வெளியேறுவது ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. பெரிய இண்டர்கூலர் இன்னும் சற்று வெப்பத்தைச் சேர்ப்பதோடு காற்றின் வழியையும் அடைக்கும். திறன் கூடிய எஞ்சினோ முன்பைவிட அதிக வெப்பத்தை ரேடியேட்டரில் கொட்டும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம்தான்.

அந்தக் காரில் ஆளும் சுமையும் ஏற்றி, ஏ.சி.யும் போட்டு, பின்காற்றில் லாரியின் பின்னால் ஊர்ந்து, திடீரென்று முந்துவதற்கு முழுத்திறனையும் எடுத்தால் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதில் வியப்பில்லை. சிலிண்டர் தலைப்பகுதியின் கேஸ்கட் எரிந்துபோவதும் இப்படிப்பட்ட வேளைகளில்தான்.

எனவே இண்டர்கூலரைப் பெரிதாக்குகிறவர் ரேடியேட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். எப்படிப்பட்டதை? தடித்ததைவிட அகலமானதே மேல் என்பது என் கருத்து. தடித்த ரேடியேட்டரில் பின்வரிசைக் குழாய்களுக்கு முன்வரிசை சூடாக்கிய காற்றுதான் கிடைக்கும். மேலே பார்த்த வரிசைக் கதையே மறுபடியும். முகப்புப் பரப்பு கூடினால் ஒவ்வொரு குழாய்க்கும் புதுக்காற்று. விசிறியைச் சுற்றி மூடிய கூடு இருக்கிறதா, ஓரச் சந்துகளில் காற்று நழுவுகிறதா, தகடுகளில் பூச்சியும் தூசியும் அடைந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளுக்குச் செலவில்லாத இந்த வைத்தியமே போதும்.

வண்டி கொதித்து நின்றால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. வளிமண்டலத்தைப்போல் இரு மடங்கு அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 120° செ. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழும். நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீய்ச்சும். எஞ்சினை நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வரிசையில் நிற்பதன் விளைவை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சமமாக வெந்நீர் ஊற்றி, மேசை விசிறியின் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டினாற்போல் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டின் வெப்பநிலையையும் அளந்து எழுதுங்கள். பிறகு அதே அளவு வெந்நீரோடு, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.