சேவைக்குக் கடல் கடக்கிறீர்களா?

1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல், ஊர் திரும்புமுன் இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தார். நோயாளிக் கூட்டமோ கூட்டம். அறுவை செய்ய ஒரே டாக்டர். லண்டன் வேலையை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார்.

இன்று குமரியிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சேவைக்குக் கிளம்புகிறவருக்கு முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டால்தான் சான்று செல்லும். ஆயுளுக்கும் ஒரு ஊசி போதும். சான்றைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் அந்நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால், 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

போன இடத்தில் வயிற்றுப்போக்கா? கொதித்தாறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பில் மட்டும் கைக்கணக்கு வேண்டாம், கூடினால் ஆபத்து.

சாப்பாட்டுக் கவலை குமரிக்காரருக்குக் குறைவுதான். மரச்சீனிக் கிழங்கு ஆப்பிரிக்காவிலும் தாராளம். ஆனால் கசப்பு ரகமும் உண்டு; அதில் சயனைடு நஞ்சு அதிகம். நம்மூர்க் கிழங்கைப் போல உரித்து அவித்துச் சாப்பிட்டுவிட முடியாது. நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை நீக்குகிறார்கள். சந்தையில் வாங்குமுன் எந்த ரகம் என்று உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.