செய்மதியும் ஊர்மொழியும்

வறுமை நீங்காத நாட்டிற்கு விண்ணாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாருளர். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு இந்தியா நடாத்திய தொலைக்காட்சிப் பரிசோதனை இதற்கு விடை பகரும். அமெரிக்கா இரவலாய் ஈந்த செய்மதியொன்று, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்கு உழவும் சுகாதாரமும் கற்பித்தது. நிகழ்ச்சிகள் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்னும் நான்கு மொழிகளில் அமைந்தன. ஆயின், பீகாரின் மைதிலி, இராசத்தானத்தின் ஊர்வழக்குகள் முதலியவற்றைப் பேசுவோர்க்கும் ஏட்டு இந்தியே கிட்டிற்று. குசராத்திலுள்ள கேடா மாவட்டத்திலோ, அவ்வூரார் வாழ்வையும் வழக்கையும் தழுவிய நிகழ்ச்சிகள் தனி நிலையமொன்றினின்று ஒளிபரப்பாயின. செய்மதி செய்வாரோடு மக்கள் மொழியறிந்து எழுதுவாரையும் ஆக்குதல் நாட்டின் கடன். அக்கடன் வகுப்பறையிலேயே தொடங்குகின்றது.