இன்று வேண்டாம் என்று சொல்லலாம்

அன்புள்ள கவின்,

பைலட் பயிற்சியில் சேரப் போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். 'சின்ன விமானம் ஆபத்தா மாமா?' என்று நீ கேட்டதற்கு, 1996-இல் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஜெசிகா டூப்ரோஃப் என்ற 7 வயதுச் சிறுமி, கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் பறந்து சாதனை படைக்கக் கிளம்பினாள். செஸ்னா 177 விமானம். பக்கத்தில் பயிற்றுநர், பின்னால் அப்பா. சட்டப்படி விமானி பயிற்றுநர்தான். ஊடகங்கள் அவர்களைத் தொடர்ந்தன. (குழந்தையை வைத்துச் சாதனை என்பதே எனக்கு ஒப்பாத சங்கதி.)

இரண்டாம் நாள், ஏப்ரல் 11 காலை, வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகரில் இடியும் மழையும். அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. எஞ்சினும் இளைக்கும், விமானமும் மெதுவாகத்தான் ஏறும். போதாததற்கு, அனுமதித்த அளவைவிட ஏறக்குறைய 43 கிலோ கூடுதல் பாரம். கிளம்பிய சிறிது நேரத்தில், திரும்பும்போது ஸ்டால் ஆகி வீடுகள் இருந்த பகுதியில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்று நினைத்துவிடாதே. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துகொள்ளும். தூக்கும் விசை சரியும். ஏறவில்லையே என்று மூக்கை உயர்த்த உயர்த்தக் கோணம் இன்னும் கூடும். பாரமும் சாய்வும் சேர்ந்தால் நிலைமை மோசம்: உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால், நேராகப் பறக்கையில் ஸ்டால் ஆகும் வேகத்தைவிட 19 சதவீதம் கூடுதலான வேகத்திலேயே ஸ்டால் ஆகும். மூவாயிரம் அடியில் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். சில நூறு அடியில் மீள இடமிருக்காது.

அந்த வானிலையில், அந்தப் பாரத்தோடு கிளம்ப முடிவெடுத்ததைத்தான் விசாரணை வாரியம் குறை சொன்னது. பயணத் திட்டத்தைக் காப்பாற்றும் துடிப்பும் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் துணைக் காரணங்கள் என்றது. உரிமம் இல்லாதவர்கள் இப்படிச் சாதனைப் பயணம் செய்வதை அந்த ஆண்டே அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது.

உன் பின்னால் கேமரா வராது. ஆனால் கட்டிய பணம், தேர்வுத் தேதி, உனக்கு முன்பே தனியாகப் பறந்துவிட்ட நண்பன் எல்லாம் உன்னைத் தள்ளும். பயிற்றுநரையும் ஏதாவது தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் எடைக் கணக்கை உன் கையால் போட்டுப் பார், வானிலை அறிக்கையை நீயே படி. மனம் ஒப்பவில்லையென்றால் அவரிடம் கூச்சப்படாமல் சொல், 'சார், இன்று வேண்டாம்.'

அன்புடன்,
மாமா