மறைப்பவரெல்லாம் குற்றவாளிகளா?

அண்மையில் எங்கள் கிளைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனம் வருந்திப் பேசினார். வெளியூர் விடுதியொன்றில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைப்பு ஆதார் நகலைக் கொடுத்தாராம். "எதை மறைக்கிறீர்கள்?" என்று அங்கே கேட்டார்களாம். "நான் என்ன திருடனா, சார்?" என்றார்.

மறைப்பு ஆதாரை வழங்குவதே ஆதார் ஆணையந்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 24.8.2017 அன்று தீர்ப்பளித்துள்ளது. எனவே, அவர் செய்தது முறையான எச்சரிக்கையே.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருப்பது என்ன என்று வங்கி கேட்பதில்லை. பெட்டகம் எடுத்தவரை ஐயுறுவதுமில்லை. ஆனால், அவர் யார் என்பதை உறுதி செய்துகொள்கிறது. இணையவழி வங்கிச் சேவையும் மறைகுறியாக்கத்தின் துணையால்தான் இயங்குகிறது. பூட்டு குற்றத்திற்குச் சான்றாகாது.

குற்றவாளிகளும் இக்கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும், பணமோசடித் தடுப்புச் சட்டம், 2002 இன்கீழ் வங்கி ஆராய்வது பரிவர்த்தனையின் தன்மையை. பொருளாதாரக் காரணமற்ற, தேவையின்றிச் சிக்கலாக்கப்பட்ட, குற்றத்தால் ஈட்டியதோ என ஐயுறத்தக்க பணப் பரிமாற்றங்கள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. கைப்பேசியில் வி.பி.என். செயலி இருப்பது மட்டும் அத்தகைய ஐயத்திற்குக் காரணமாகாது.

எனினும், ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். வி.பி.என். வழியே நுழைந்தால், நீங்கள் வேறொரு நாட்டிலிருந்து வருவதாகத் தோன்றலாம். அப்போது கூடுதல் சரிபார்ப்புக் கேட்கப்பட்டால், அதைக் குற்றச்சாட்டாகக் கருத வேண்டாம். உங்கள் பெயரில் பிறர் நுழையாமல் தடுக்கும் காவல் அது.

வாடிக்கையாளர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தேவையற்ற இடங்களில் முழு ஆதார் எண்ணைத் தராதீர்கள்.

2. வாடிக்கையாளரை அறியும் விதிகளின்படி வங்கி கேட்கும் விவரங்களை மறைக்காதீர்கள். அடையாளமின்றிக் கணக்கு நடத்த இயலாது.

3. கமிஷனுக்கு ஆசைப்பட்டு உங்கள் கணக்கைப் பிறர் பணம் செலுத்தி எடுக்க இரவல் தராதீர்கள். உண்மையான ஐயத்திற்கு இடமளிப்பது இதுவே.

அந்நியரிடம் மறைப்பது விவேகம். சட்டப்படி கேட்பவரிடம் மறைப்பதே தவறு. இவ்வேறுபாட்டைச் சொன்னதும், ஆசிரியர் முகம் தெளிந்து விடைபெற்றார்.