லேப்டாப்பின் பின் நம்பரைப் போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜி.எஸ்.டி., வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துதரும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஜவுளி வியாபாரி ஒருவர் பொய்க் கணக்கு காட்டி வங்கிக் கடன் வாங்கியதாக வழக்கு. போன வாரம் போலீஸார் வந்து என் லேப்டாப்பை எடுத்துப்போனார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. பிட்லாக்கர் போட்ட லேப்டாப் அது. ஆன் செய்ததுமே பின் நம்பர் கேட்கும். இப்போது தினமும் போன் வருகிறது. "ஸ்டேஷனுக்கு வந்து நம்பரைச் சொல்லிட்டுப் போங்கம்மா. மடியில கனமில்லேன்னா இத்தனை பூட்டு எதுக்கு?" என்கிறார்கள். அதில் முந்நூறு குடும்பங்களின் பான், ஆதார், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கின்றன. என் மகளின் படங்களும் இருக்கின்றன. மறுத்தால் என்னையும் கைது செய்வார்களா? மறந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? ஆன்லைனில் உள்ள நகலையாவது அழித்துவிடு என்கிறான் தம்பி. வாடிக்கையாளர்கள் என்மீது வழக்குப் போட முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். விசாரணையில் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிவரும் மின்னணுப் பதிவை, அது சாட்சியமாகக் கிடைக்கக் கூடாது என்று அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்று உங்கள்மீது குற்றச்சாட்டே இல்லை. அழித்தால் நாளைக்கே ஒன்று வந்துவிடும். 'மறந்துவிட்டது' என்பதும் வேண்டாம். போன வாரம்வரை அந்த லேப்டாப்பில் ரிட்டர்ன் போட்டவர் நீங்கள் என்பதை ஜி.எஸ்.டி. தளத்தின் பதிவுகளே காட்டிக்கொடுத்துவிடும். மறுப்பதற்குச் சட்டம் சில இடங்களில் உரிமை தருகிறது. பொய் சொல்வதற்கு எங்குமே தரவில்லை.

அடுத்து, அந்த 'மடியில் கனம்'. இந்தக் கேள்வியை நேர்மையான மனிதர்களிடம் கேட்டுக் கேட்டே அவர்களைக் கூனிக் குறுக வைத்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தன் கம்ப்யூட்டரை என்கிரிப்ட் (குறியாக்கம்) செய்து வைப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது. குறியாக்கம் செய்து அனுப்பும் தகவலின் சாதாரண வடிவத்தை 90 நாட்கள் சேமித்து வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உங்கள் தொழிலில் இருப்பவர் பூட்டாமல் விட்டால்தான் தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, வங்கிக் கணக்கு போன்ற நுண்ணிய தகவல்களை நியாயமான பாதுகாப்போடு வைக்காமல் பிறருக்கு நஷ்டம் ஏற்படுத்துபவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான பிரிவு அல்ல இது. தனிநபர் நடத்தும் தொழிலும் அதற்குள் வரும் என்று சட்டமே சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகள், பாதுகாப்பு நடவடிக்கைகளில் குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ஆகவே அடுத்த முறை போலீஸ் அதிகாரி கேட்டால், "பூட்டி வைக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது சார்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி பின் நம்பர். சொல்ல வேண்டுமா என்பதற்கு முன், நீங்கள் இந்த வழக்கில் யார் என்பது தெரிந்தாக வேண்டும். அதைப் போனில் கேட்டால் "சும்மா ஒரு விசாரணைதாம்மா" என்றுதான் பதில் வரும். நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். அதில் உள்ள பிரிவு எண் உங்கள் நிலையைச் சொல்லிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். 94 என்றால் ஓர் ஆவணத்தையோ சாதனத்தையோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 35(3) என்று இருந்தால் உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது. அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில விதிவிலக்குகள் தவிர எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

179 நோட்டீஸ் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சாட்சியாக அழைக்கப்படும் பெண்ணை, அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நீங்களாக விரும்பினால் ஸ்டேஷனுக்குப் போகலாம், அவ்வளவுதான். பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு அழைத்ததை 1978-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஒருவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3) பாதுகாப்பு, கோர்ட் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். சந்தேகத்துக்கு உள்ளானவருக்கும் அது பொருந்தும்.

பாஸ்வேர்டும் அந்தப் பாதுகாப்புக்குள் வருமா? இங்கேதான் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. 1961-இல் காதி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் எடுப்பது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்றது. 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் நார்கோ சோதனை நடத்தி ஒருவர் மனதில் இருப்பதை வெளியே இழுப்பது 20(3)-க்கு எதிரானது என்றது. பாஸ்வேர்டைக் கைரேகையோடு சேர்ப்பதா, மனதில் உள்ள செய்தியோடு சேர்ப்பதா? 2021 மார்ச்சில் விரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் கைரேகையோடு சேர்த்தது. விசாரணை அதிகாரி கேட்கலாம், மறுத்தால் அவர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சோதனை வாரண்ட் வாங்க வேண்டும், மறுத்ததைப் பாதகமாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2022 அக்டோபரில் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் இதை ஏற்காமல், குற்றம்சாட்டப்பட்டவரிடம் பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்றது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஒரு ஜாமீன் வழக்கில் அதே திசையில்தான் பேசியது. உச்ச நீதிமன்றம் இதுவரை நேரடியாக முடிவு சொல்லவில்லை. இந்தக் கர்நாடக, டெல்லி தீர்ப்புகள் எதுவும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதிடலாம்.

டெல்லி பார்வையே சரி என்பது என் உறுதியான கருத்து. விரலில் இருக்கும் ரேகை யார் பார்வைக்கும் இருக்கிறது. பின் நம்பர் உங்கள் நினைவைத் தவிர வேறெங்கும் இல்லை, நீங்கள் வாய் திறந்தால்தான் அது பிறக்கிறது. ஆனால் இதே காரணத்தால், விரலை வைத்தோ முகத்தைக் காட்டியோ திறக்கும் சாதனத்துக்கு இன்றைய சட்டத்தில் பாதுகாப்பு குறைவு. நீங்கள் பின் நம்பர் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆக, 35(3) நோட்டீஸ் வந்தாலோ எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்தாலோ, 20(3)-ஐக் குறிப்பிட்டு எழுத்தில் மறுக்கலாம். வெறும் சாட்சி என்றால் அந்த அளவுக்குப் பலம் கிடையாது. சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவின்படி சாட்சி கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். கடன் மோசடி வழக்குகளில் கணக்கு எழுதிக்கொடுத்தவரை முதலில் சாட்சியாக அழைத்து, பிறகு குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ப்பது நடக்கிற காரியம். அந்த வியாபாரிக்கு நீங்கள் தயாரித்துத் தந்த பேலன்ஸ் ஷீட்டில் உங்களுக்கே உறுத்தலாக எதுவும் இருந்தால், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் வக்கீலிடம் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

"69-ஆம் பிரிவு இருக்கு, ஏழு வருஷம் உள்ளே போவீங்க" என்றும் மிரட்டலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69, குறியாக்கத்தை நீக்கித் தர உத்தரவிடும் அதிகாரத்தைத் தருவது உண்மை, மறுத்தால் ஏழாண்டு வரை சிறை என்பதும் உண்மை. ஆனால் 2009 விதிகளின்படி, வழக்கமாக அந்த உத்தரவு மாநிலத்தில் உள்துறைச் செயலாளரிடமிருந்து, காரணங்கள் எழுதப்பட்டு வர வேண்டும். இன்ஸ்பெக்டர் போனில் சொன்னால் அது 69 ஆகாது. (வருமான வரித்துறையின் சோதனை வேறு கதை. அவர்களுக்குக் கணினியைத் திறந்துகாட்டச் சொல்லும் அதிகாரம் வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

சரி, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா? கூடாது. போலீஸுக்குத் தேவை ஒரு வியாபாரியின் கணக்கு. அதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஏமாந்த வங்கியில் இருப்பதும் பொதுமக்கள் பணம்தான். உங்கள் வக்கீல் வழியாக, பதிவுத் தபாலில் இப்படி ஒரு கடிதம் அனுப்புங்கள்: "குறிப்பிட்ட நிறுவனத்தின் கணக்குக் கோப்புகளை, சட்டப்படி கோரப்பட்டால், உரிய சான்றிதழுடன் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். இவ்வழக்கோடு தொடர்பில்லாத பலரது தனிப்பட்ட தகவல்களும் அதே கணினியில் இருப்பதால், நீதிமன்றத்தின் எழுத்துபூர்வமான உத்தரவின்றி முழுக் கணினியையும் திறந்து தர இயலாது." ஒத்துழைக்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. 94 நோட்டீஸ் வந்ததும் ஆன்லைன் நகலிலிருந்து அந்தக் கோப்புகளை மட்டும் எடுத்து, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுங்கள். ஆனால் உங்கள் மீதே சந்தேகம் என்றால், வக்கீல் பார்த்துச் சொல்லாமல் இந்தக் கடிதத்தையோ கோப்பையோ அனுப்பாதீர்கள்.

அந்தச் சான்றிதழில் 'ஹாஷ்' மதிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் நீண்ட குறியீடு அது, எஸ்.எச்.ஏ.-256 முறையில் 64 எழுத்துகள். கோப்பில் ஒரு கமா மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். லேப்டாப்புக்கும் இதுதான் உங்கள் கவசம். கைப்பற்றிய வட்டின் ஹாஷ் மதிப்பை உடனே பதிவு செய்தால், பிறகு யாராவது அதில் எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ தெரிந்துவிடும். உங்கள் வழக்கில் நகல்கூடத் தரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகல் உங்களுக்கு உரியது. சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி சோதனையும் கைப்பற்றலும் வீடியோ எடுக்கப்பட்டு மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டும். வாரண்ட் இல்லாமல் 185-இல் சோதனை நடந்திருந்தால், அதன் பதிவுகள் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டைச் சென்றடைய வேண்டும். நீங்கள் மனு போட்டால் நகல் இலவசம். இந்த மனுவைத்தான் முதலில் போட வேண்டும்.

கூடவே இன்னொரு மனு. வட்டின் நகலை நீதிமன்ற மேற்பார்வையில், உங்கள் முன்னிலையில் எடுக்க வேண்டும், வழக்குக்குத் தொடர்பான கோப்புகளை மட்டும் பார்க்க வேண்டும், லேப்டாப்பை இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். வக்கீல்களின் சாதனங்கள் பற்றி 2025 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் இதே போன்ற நடைமுறையை வகுத்தது: நீதிமன்றத்தில் ஒப்படைத்து, சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் திறக்க வேண்டும், மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் கெடக் கூடாது என்று. வரி ஆலோசகருக்கு வக்கீலின் தனிச்சலுகை கிடையாது. ஆனாலும் தொடர்பில்லாத மூன்றாம் நபர்களின் அந்தரங்கம் என்ற காரணம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பையும் சேர்த்து வாதிடச் சொல்லுங்கள். கீழமை நீதிமன்றத்தில் இது எப்போதும் எடுபடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

மாஜிஸ்ட்ரேட் எழுத்தில் உத்தரவிட்டால்? நீங்கள் சாட்சி என்றால் கீழ்ப்படியுங்கள், அல்லது உடனே மேலே போய்த் தடை வாங்குங்கள். நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி யாரிடமும் கொடுக்காதீர்கள். நிபுணர் முன் நீங்களே தட்டித் திறக்க அனுமதி கேளுங்கள். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கக்கூடும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். எண்ணை அழிக்காதீர்கள்.

வாடிக்கையாளர்கள் விஷயத்தில் பயம் வேண்டாம். நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டுத் தருவது நம்பிக்கைத் துரோகம் ஆகாது. குற்ற விசாரணைக்காகத் தகவலைக் கையாளுவதற்கு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் விலக்கு தருகிறது. அதிகாரி கேட்டார் என்று வாய்வார்த்தையில் மொத்தத்தையும் திறந்துவிட்டு, அதிலிருந்து யாருடைய விவரமாவது கசிந்தால்தான் கேள்வி உங்களிடம் திரும்பும். யாருடைய நெட் பேங்கிங் பாஸ்வேர்டாவது அதில் இருந்தால், இன்றைக்கே போன் செய்து மாற்றச் சொல்லிவிடுங்கள்.

கையில் பணமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.